மேலே போனவருக்கு எதற்குச் செருப்பு?

அப்பா இறந்தபோது வீட்டுக்கு வந்த எல்லோரும் ஒரே திசையைத்தான் காட்டினார்கள். "நல்ல மனுசன், நேரா மேல போயிட்டாரு" என்றார் எதிர்வீட்டுக்காரர். அத்தை கூரையைப் பார்த்துக் கும்பிட்டாள். தம்பி மகளுக்குத் தாத்தா மேலேயிருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறார் என்று சொல்லிச் சோறு ஊட்டினார்கள். எனக்கும் அது இயல்பாகத்தான் பட்டது. கருமாதிக்கு முதல் நாள் ஐயர் எழுதிக் கொடுத்த சீட்டோடு தம்பியும் நானும் கடைவீதிக்குப் போனோம். பச்சரிசி, எள், வாழைக்காய், வேட்டி துண்டு, சொம்பு, விசிறி, குடை, கடைசியில் செருப்பு. செருப்புக் கடைப் பையன் "என்ன சைஸ்ண்ணே?" என்றான். அது தானமாக ஐயருக்குப் போகப்போகிற செருப்பு. ஆனால் தம்பி யோசிக்கவே இல்லை, "எட்டு" என்றான். அப்பாவின் அளவு. அப்பாவுக்கு இடது காலில் கட்டைவிரல் பக்கம் எலும்பு புடைத்திருக்கும். முன்பக்கம் அகலமாக, வார் மெத்தென்று இருந்தால்தான் போட்டுக்கொள்வார். தம்பி அந்த மாதிரியே கேட்டு, ஒவ்வொரு ஜோடியாக வளைத்துப் பார்த்து, வாரின் உட்பக்கம் விரலை விட்டுத் தடவி, தையல் உறுத்துகிறதா என்று பார்த்துப் பார்த்து வாங்கினான். அப்பா எங்கேயோ நடந்து போகப்போகிறார் என்று அவன் கை நம்பியது.

மறுநாள் ஸ்ரீரங்கம் அம்மாமண்டபம் படித்துறையில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு மந்திரத்தில் மனம் போகவில்லை. எதிரே காவிரி, அக்கரையில் மலைக்கோட்டை. நாங்கள் தெற்கு பார்த்து உட்கார்ந்திருந்தோம். தர்ப்பையின் நுனியும் தெற்கு பார்த்தது. குடையையும் செருப்பையும் தானம் கொடுக்கும்போது ஐயர் சொன்னார்: "போற வழியில வெயில் சுடும், தரை சுடும். அதுக்குத்தான் இது." அப்பாவை எரித்தது அக்கரையில், ஓயாமாரியில். அங்கே புகை மேலே போனது. சாம்பலை ஆற்றில் கரைத்தோம், அது கிழக்கே போனது. செருப்பு தெற்கே போகிறது. ஒரே மனிதரை ஒரே சடங்குக்குள் மூன்று திசையில் அனுப்பிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் "மேலே இருக்கிறார்" என்று ஒற்றைத் திசையைச் சொல்கிறோம். மேலே போகிறவருக்குச் செருப்பு எதற்கு? இந்தக் கேள்வி அதற்குப் பிறகு என்னை விடவே இல்லை.

தெற்கே ஒரு சாலை

கருட புராணத்தைத் துக்க வீடுகளில் வாசிக்கக் கேட்டவர்களுக்குத் தெரியும், அதில் இறந்தவர் பறப்பதில்லை, நடக்கிறார். எமனுடைய ஊருக்கு 86,000 யோஜனை தூரம். ஏறத்தாழ ஒரு வருஷ நடை. நிழலில்லாத வெளி, சுடுமணல், முள், வழியில் தங்கிப்போகப் பதினாறு ஊர்கள், இடையே வைதரணி என்ற ஆறு. நாம் மாதாமாதம் செய்கிற மாசிகம் அந்த நடைக்கான சாப்பாடு. கோதானம் அந்த ஆற்றைக் கடக்க. குடை, செருப்பு, சொம்பு எல்லாம் வழிப்பயணத்துக்கான சாமான்கள். சடங்கின் தர்க்கம் முழுக்க ஒரு நெடுஞ்சாலையின் தர்க்கமாகவே இருக்கிறது. அந்தச் சாலை பயங்கரமானது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அதில் போகிறவருக்கு நாம் ஏதாவது கொடுத்தனுப்ப முடிகிறது. எனக்கு அது பெரிய விஷயமாகப் படுகிறது.

தெற்கு என்பது நமக்கு மிகப் பழைய திசை. 'தென்புலத்தார் தெய்வம் விருந்தொக்கல் தானென்றாங்கு ஐம்புலத்தாறு ஓம்பல் தலை' என்ற குறள் இல்வாழ்வானின் கடமைகளை அடுக்கும்போது, முதலில் வைப்பது தெற்கே இருக்கிறவர்களை. அவர்கள் நம் முன்னோர்கள். அவர்களுக்கு அடுத்ததாகத்தான் தெய்வமே வருகிறது. அதே அறத்துப்பாலில், சில குறள் தள்ளி, வாழ்வாங்கு வாழ்ந்தவன் 'வானுறையும் தெய்வத்துள் வைக்கப்படும்' என்றும் வருகிறது. தெற்கும் வானமும் அருகருகே இருக்கின்றன, ஒன்றை ஒன்று தள்ளவில்லை. தெற்குக்கு நேர் எதிரே வடக்கு. கோப்பெருஞ்சோழன் உயிர்விட வடக்கு நோக்கி உட்கார்ந்தான். பாண்டவர்கள் கடைசியில் நடந்தது வடக்கே, இமயத்துக்கு.

அப்புறம் ஸ்ரீரங்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 236 அடி ராஜகோபுரம் வானத்தைத் தொடுகிறது. ஆனால் சொர்க்கவாசல் கோபுரத்து உச்சியில் இல்லை, வடக்கே, தரையோடு தரையாக இருக்கிறது. மார்கழியில் வைகுண்ட ஏகாதசி விடியற்காலையில் உற்சவரான நம்பெருமாள் ரத்னாங்கி என்ற மணிக்கவசத்தோடு அந்த வாசல் வழியாகத்தான் வெளியே வந்து ஆயிரங்கால் மண்டபத்துக்குப் போகிறார். பின்னாலேயே ஜனங்கள். படியேறி இரைப்பவர்கள் யாரும் கிடையாது. முட்டிவலிக்காரப் பாட்டிகள் பேரன் தோளைப் பிடித்துக்கொண்டு சொர்க்கத்துக்குள் நடந்து போய்விடுகிறார்கள். அதே ராத்திரி கண்விழிக்கப் பரமபதம் ஆடுகிற வீடுகளில், அட்டையில் ஏணி மேலே ஏற்றுகிறது, பாம்பு கீழே இறக்குகிறது. ஒரே திருநாளில் சொர்க்கம் கோயிலில் நடக்கிற தூரத்திலும், கூடத்தில் ஏறுகிற உயரத்திலும் இருக்கிறது. இதில் யாருக்கும் குழப்பம் வந்ததில்லை.

எமனே இடம் மாறியவர்தான். ரிக் வேதத்தில் அவர் தண்டிக்கிறவர் இல்லை. இறந்தவர்களில் முதல்வர், போகிற பாதையை முதலில் கண்டுபிடித்தவர். ஒன்பதாம் மண்டலத்தில் ஒரு பாடல், அணையாத ஒளி இருக்கும் இடத்தில், விவஸ்வானின் மகன் அரசாளும் இடத்தில் என்னைச் சாகாதவனாக்கு என்று வேண்டுகிறது. விவஸ்வானின் மகன் எமன்தான். அவருடைய அரசு அங்கே வானத்தின் உச்சியில் இருக்கிறது. புராணங்களுக்கு வரும்போது அவர் தென்திசைக் காவலராகி, கையில் பாசக்கயிறும் பக்கத்தில் கணக்குப்பிள்ளையுமாக நரகத்தின் அதிபதியாகிவிட்டார். பாகவதம் நரகங்களை வைக்கிற இடம் இன்னும் சுவாரஸ்யமானது: தெற்கே, பூமிக்கு அடியில், அடிநீருக்கு மேலே. பழைய திசையும் புதிய திசையும் ஒரே வாக்கியத்தில் சேர்ந்திருக்கின்றன. தெற்கு மெல்ல மெல்லக் கீழாக மாறுவதை அங்கே பார்க்க முடிகிறது.

உடம்புக்குத் தெரிந்த திசை

சரி, மாறியது ஏன்? இறந்தவர்கள் போகும் திசை ஊருக்கு ஊர் வேறு. எகிப்தியர்கள் இறந்தவர்களைச் சூரியன் மறையும் மேற்கே அனுப்பினார்கள். கிரேக்கர்களின் புண்ணியவான்கள் போகும் சமவெளியும் மேற்குக் கோடியில்தான். ஆனால் மேல், கீழ் என்பதை உலகத்தில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விழுந்தால் வலிக்கும். அழுதால் யாரோ தூக்குவார்கள். உடம்பு நன்றாக இருந்தால் எழுந்து நிற்கிறோம், முடியாவிட்டால் படுக்கிறோம், செத்தால் கிடக்கிறோம். வெளிச்சமும் மழையும் மேலேயிருந்து வருகின்றன. பள்ளத்திலும் பொந்திலும் இருட்டும் பாம்பும் இருக்கின்றன. அப்பா கடைசி மாதங்களில் கட்டிலை விட்டு எழுந்து திண்ணைக்கு வந்த நாளெல்லாம் எங்களுக்கு நல்ல நாள். படுத்தே இருந்த நாளில் வீட்டில் யாரும் சத்தமாகப் பேசமாட்டோம். இந்தக் கணக்கு உடம்பில் ஊறிக் கிடக்கிறது. உளவியலாளர்கள் பிரையன் மையரும் மைக்கேல் ராபின்சனும் 2004-இல் இதைச் சோதித்தார்கள். நல்ல பொருள் தரும் சொற்கள் திரையின் மேல்பகுதியில் தோன்றினால், அவை நல்ல சொற்கள் என்று மக்கள் சட்டென்று அடையாளம் காண்கிறார்கள். கெட்ட சொற்கள் கீழே தோன்றினால் அப்படி. 2007-இல் மையரும் வேறு சிலரும் கடவுளையும் சாத்தானையும் குறிக்கும் சொற்களை வைத்துச் செய்தபோதும் அதேதான்.

இதைச் சமணர்கள் சொன்ன அளவுக்கு அழகாக வேறு யாரும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. காய்ந்த சுரைக்காய்க்கு மேல் மண்ணைக் குழைத்து அடுக்கடுக்காகப் பூசித் தண்ணீரில் போட்டால் அடியில் போய்க் கிடக்கும். மண் ஊறிக் கரையக் கரைய, யாரும் தூக்காமலே மேலே வந்துவிடும். உயிரின் இயல்பே மேலெழுவதுதான், வினைதான் அதற்கு எடை என்பது அவர்கள் கட்சி. விடுபட்ட உயிர்கள் உலகத்தின் உச்சியில் போய்த் தங்குகின்றன. இதில் தீர்ப்புச் சொல்லும் நீதிபதி இல்லை, எடை மட்டுமே இருக்கிறது. துக்கத்தில் இருந்தவனுக்கு இது உடனே புரிந்தது. அந்த நாட்களில் நெஞ்சில் ஒரு கனம் இருந்தது என்பது எனக்கு அலங்காரப் பேச்சாக இல்லை.

கீழ் என்பதற்கு வேறொரு நேரடிக் காரணமும் உண்டு. புதைக்கிறவர்கள் தங்கள் மனிதர்களை நிஜமாகவே கீழேதான் வைத்தார்கள். மெசொப்பொத்தாமியாவின் பழைய கதைகளில் கீழுலகம் புழுதி தின்னும் இருட்டு வீடு. அரசனும் அங்கேதான், அடிமையும் அங்கேதான். பழைய எபிரேயர்களின் ஷியோலும் அப்படியே. நல்லவன், கெட்டவன் என்று பார்க்காமல் எல்லோரும் இறங்குகிற குழி. கீழே போவது முதலில் தண்டனையாக இல்லை, எல்லோருக்கும் பொதுவாக இருந்தது. நல்லவர்களை அங்கிருந்து பிரித்து மேலே ஏற்றியது பிற்பாடு நடந்த வேலை. ஏற்றிய பிறகு கீழே மிச்சமிருந்தவர்கள் பாவிகளானார்கள், இடம் நரகமானது. எரிமலைகள் அதற்கு நெருப்பைச் சேர்த்துக் கொடுத்தன. ஐஸ்லாந்தின் ஹெக்லா எரிமலையை இடைக்கால ஐரோப்பாவில் நரகத்தின் வாசல் என்றே நம்பினார்கள்.

ஒருமுறை மனதில் வரைந்த படம் எளிதில் அழியாது. ரஷ்யாவில் நார்வே எல்லைக்குப் பக்கத்தில் கோலா தீபகற்பத்தில், 1970-இல் சோவியத் விஞ்ஞானிகள் பூமியைத் துளைக்கத் தொடங்கினார்கள். 1989-இல் 12,262 மீட்டர் போனார்கள். அடியில் 180 டிகிரி செல்சியஸ், எதிர்பார்த்ததைவிட மிக அதிகம். அதற்கு மேல் துளைக்க முடியவில்லை. அந்தச் சமயத்திலேயே, சைபீரியாவில் தோண்டிய ஒரு குழிக்குள் மைக்கை இறக்கியபோது லட்சக்கணக்கானோர் அலறும் சத்தம் கேட்டதாக ஒரு கட்டுக்கதை கிளம்பி, அமெரிக்கக் கிறிஸ்தவத் தொலைக்காட்சி வரை போய்விட்டது. இன்றும் யாராவது அந்த ஆடியோவை வாட்ஸாப்பில் அனுப்புகிறார்கள். பூமியின் நடுவுக்குப் போக 6,371 கிலோமீட்டர் இருக்கிறது. அதில் பதினைந்து கிலோமீட்டருக்குள்ளேயே நரகத்தைக் கேட்டுவிட மக்கள் தயாராக இருந்தார்கள்.

கீழே போய் வந்தவர்

என் மனைவியின் பெரியப்பா வாணியம்பாடிக்காரர். கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். வட ஆற்காட்டிலிருந்தும் சேலம், தருமபுரிப் பக்கத்திலிருந்தும் ரயிலேறிப்போன தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக இறங்கிய சுரங்கம் அது. 2001-இல் மூடும்போது மூன்று கிலோமீட்டருக்கும் அதிக ஆழம் போயிருந்தது. அப்பாவின் காரியத்துக்கு வந்திருந்த அவரிடம், சாப்பாடு முடிந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது இதைக் கேட்டேன். தினமும் அவ்வளவு கீழே இறங்கினீர்களே, நரகம் ஞாபகம் வராதா என்று. அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்: "கீழ போறவனுக்குக் கீழ என்ன பயம் மாப்ள? கால் வைக்கிற தரை அங்கயேதான் இருக்கும். தலைக்கு மேல நிக்கிற பாறைதான், எப்ப வருமோன்னு இருக்கும்."

அழுத்தம் தாங்காமல் பாறை வெடிக்கும்போது மேலே ஊருக்குள் வீட்டுச் சுவர் அதிருமாம். பாத்திரம் உருளுமாம். அடுப்படியில் நிற்கிற பெண்கள் அப்படியே போட்டுவிட்டுச் சுரங்க வாசலுக்கு ஓடுவார்களாம், யார் வீட்டு ஆள் என்று பார்க்க. "சூடா இருந்துச்சா?" என்று என் மகன் கேட்டான். பாறையில் கை வைக்க முடியாது, காற்று அனலாக இருக்கும், பனியனைப் பிழிந்தால் தண்ணீர் கொட்டும் என்றார். ஆனால் அவர் அதை நரகம் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. கூட வேலை செய்தவர்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். யார் பாறையைத் தட்டிப் பார்த்தே சத்தத்தில் ஆபத்தைச் சொல்லிவிடுவார், யார் தன் சோற்றில் பாதியைப் பகிர்ந்துகொள்வார் என்று. அவருக்குக் கீழ் என்பது ஆள் இருக்கிற இடம், சோறு போட்ட இடம். எனக்குள் இருந்த படம் நகர்ந்தது அந்தத் திண்ணையில்தான். மேலிருந்து பார்க்கிறவர்களுக்குத்தான் கீழே நரகமாகத் தெரிகிறது. அங்கே இருந்து பார்த்தவருக்குப் பயம் மேலே இருந்தது.

புராணங்களும் இதை ஓரளவு அறிந்தே இருக்கின்றன. கீழேழு உலகங்கள் நரகம் இல்லை. பாகவதத்தின்படி அங்கே மாளிகைகளும் தோட்டங்களும் சொர்க்கத்தைவிடச் செழிப்பாக இருக்கின்றன. வெளிச்சத்துக்கு நாகங்களின் தலைமணி. மூன்றடி கேட்டு மாபலியைக் கீழே அனுப்பிய அதே திருமால், சுதலம் என்ற கீழுலகத்தில் அவன் வாசலில் காவல் நிற்கிறார். இந்திரனுக்குக் கிடைக்காத பேறு, கீழே அனுப்பப்பட்டவனுக்குக் கிடைத்தது.

இதையெல்லாம் தேடிப் படித்துக்கொண்டிருந்தபோது கண்ணில் பட்ட ஒரு சுலோகம் மற்ற எல்லாவற்றையும்விட என்னை உலுக்கியது. ஆரியபட்டர் 499-இல் எழுதிய ஆரியபட்டீயத்தின் கோள பாதத்தில் வருவது. பூமி உருண்டை, கடம்பம்பூவின் உருண்டையில் நாலாபுறமும் பூவிதழ்கள் நிற்பதைப்போல அதன்மேல் எல்லாப் பக்கமும் உயிர்கள் நிற்கின்றன என்கிறார். பிறகு சொர்க்கத்தையும் மேருவையும் வட துருவத்தில் வைக்கிறார், நரகத்தையும் வடவாமுகம் என்ற கடலடித் தீயையும் தென் துருவத்தில் வைக்கிறார். வைத்துவிட்டுச் சொல்கிறார்: வடக்கே இருக்கிற தேவர்களும் தெற்கே நரகத்தில் இருக்கிறவர்களும், மற்றவர்கள்தான் தங்களுக்குக் கீழே இருப்பதாக ஒருவரைப் பற்றி ஒருவர் எப்போதும் நினைத்துக்கொள்கிறார்கள். ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு முன்னால், இருபத்து மூன்று வயதில் ஒருவர் இதை இரண்டு வரியில் சொல்லிவிட்டார். வடக்கு, தெற்கு என்ற பழைய சாலையையும் விடவில்லை, நிற்கிற இடத்தைப் பொறுத்ததே மேலும் கீழும் என்பதையும் விடவில்லை. திருச்சியில் நின்று நான் கையை நேர்மேலே காட்டினால், பூமியின் மறுபுறத்தில் பெருவுக்கு மேற்கே பசிபிக் கடலில் படகில் இருக்கிற மனிதனுக்கு அது அவன் காலுக்கு அடியில்.

யார் மேலே, யார் கீழே

ஆரியபட்டரின் உருண்டையில் இரண்டு பக்கமும் சமம். நம் ஊரில் அப்படி இல்லை. என்னைத் தொந்தரவு செய்வது அதுதான். மேலுலகத்துக்கு நாம் வரைந்த படம், திண்ணையில் உட்கார்ந்தவரையும் கீழே கைகட்டி நின்றவரையும் பார்த்து வரைந்தது. அரசன் சிம்மாசனத்தில், கடவுள் அதற்கும் மேலே. மேல்சாதி, கீழ்சாதி என்ற வரிசைக்கு வானத்தையே சாட்சிக்கு அழைத்தோம். உடம்பிலிருந்து வந்த மேல், கீழை நான் குறை சொல்லவே மாட்டேன். அது பசி, தூக்கம் மாதிரி இயற்கையானது. ஊர் நடப்பிலிருந்து வானத்துக்கு ஏற்றிய மேல், கீழ் வேறு. அது செத்த பிறகும் மனிதரை விடுவதில்லை.

பெரியப்பாவின் ஊர்ப்பக்கத்திலேயே நடந்தது. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடிக்கு அருகே நாராயணபுரத்தில் தலித் ஒருவர் இறந்தார். சுடுகாட்டுக்குப் போகிற வழியில் இருந்த நிலத்துக்காரர்கள் பிணத்தைத் தங்கள் நிலம் வழியே கொண்டுபோக விடவில்லை. உறவினர்கள் பாலாற்றுப் பாலத்தின் மேலே நின்று, மாலை போட்ட உடலைக் கயிற்றில் கட்டி, கீழே ஆற்றுப்படுகையில் நின்றவர்களிடம் இறக்கினார்கள். அந்த வீடியோவை நாடே பார்த்தது. கயிறு ஒரு பக்கம் சரிய, கீழே நின்றவர்கள் கையை உயர்த்தி ஏந்திக்கொள்வதை நானும் அப்போது பார்த்தேன். இப்போது மறுபடி பார்த்தேன். குடையும் செருப்பும் வாங்கிக்கொடுத்து, சுடுமணலில் நடக்கப்போகிற மனிதனின் காலுக்காக அவ்வளவு கவலைப்படுகிற ஒரு பண்பாட்டில், அந்த மனிதனுக்குச் சுடுகாடு வரை போகத் தரையில் வழி கிடைக்கவில்லை. சென்னை உயர் நீதிமன்றம் அதைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. அதிகாரிகள் செய்தது, அந்த மக்களுக்கென்று தனியாக ஒரு மயானத்துக்கு நிலம் ஒதுக்கியது. அப்படித் தனியாக ஒதுக்குவது சாதிப் பிரிவினையை அரசே ஊக்குவிப்பதாகாதா என்று நீதிபதிகள் கேட்டார்கள்.